சிவனொளிபாத யாத்திரை கற்பிக்கும் பாடம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பௌத்த மக்களின் யாத்திரையைப் பற்றிப் பேச வேண்டும் என்று காரியதரிசி அவர்கள் என்னைக் கேட்டபோது, "இந்து வாலிபர் சங்கத்து மேடையில் இந்தப் பொருள் எதற்கு?" என்று நானும் ஒரு கணம் நினைத்தேன். பிறகுதான் காரணம் தெரிந்தது. சென்ற மாதக் கூட்டத்திலே, வருகிற பருவகாலத்தில் நம் சங்கம் சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போகலாமா என்று ஒரு பிரேரணை வந்ததாம். ஒரு தம்பி எழுந்து, "அது அவர்களுடைய யாத்திரை, அங்கே நமக்கு என்ன வேலை?" என்று கேட்டாராம். இன்னொரு தம்பி எழுந்து, "அது சிவபெருமானின் பாதம், முதலில் நம் உரிமையை நிலைநாட்டிவிட்டுப் பிறகு மலையேறுவோம்" என்றாராம். முடிவு ஒன்றும் ஏற்படாமலே கூட்டம் கலைந்தது. அந்த இரண்டு தம்பிமாரும் இப்போது முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு மறுமொழி சொல்லும் கடமை பெரியவர்களாகிய எங்களுக்கு உண்டு. என் பேச்சு அந்த மறுமொழிதான்.

பதினாறு தலங்கள்

முதலில் பௌத்தர்களின் யாத்திரை எத்தகையது என்று பார்ப்போம். புத்த பெருமான் இலங்கைக்கு மூன்று முறை எழுந்தருளினார் என்று மகாவம்சம் கூறுகிறது. முதன்முறை மகியங்கனைக்கும், இரண்டாம் முறை நாகதீபத்துக்கும் வந்தார். மூன்றாம் முறை நாகவரசன் ஒருவனின் அழைப்பை ஏற்றுக் களனிக்கு வந்து, அங்கிருந்து சுமணகூடம் என்னும் மலைமேல் தம் பாதத்தைப் பதித்தார் என்பது அந்நூலின் செய்தி. அந்தச் சுமணகூடந்தான் நம் அட்டன், மஸ்கெலியாத் தோட்டங்களிலிருந்து அண்ணாந்து பார்க்கும் சிவனொளிபாதம்.

இத்தீவில் பௌத்தர்கள் தரிசிக்க வேண்டிய முதன்மையான தலங்கள் பதினாறு என்று கணக்கிடுவார்கள். அநுராதபுரத்துப் போதிமரமும் தாதுகோபங்களும் அவற்றில் அடங்கும். பதுளையில் முத்தியங்கனை விகாரையும், தெற்கே திஸ்ஸமகாராமையும், கிழக்கே தீகவாபியும் அவற்றில் உண்டு. அன்பர்களே, அந்தப் பட்டியலை ஊன்றிப் படித்தால் நமக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. நயினாதீவிலே நாகபூஷணி அம்மனுக்கு அருகே நாகதீப விகாரை. கதிர்காமத்திலே முருகன் சந்நிதிக்கு அருகே கிரிவிகாரை. இங்கே நம் தலைமாட்டில் சிவனொளிபாதம். பதினாறில் மூன்று தலங்களில் நம்முடைய வழிபாடும் அவர்களுடைய வழிபாடும் அண்டை வீட்டார்போல நிற்கின்றன. அண்டை வீடென்றால் அன்பும் உண்டு, வேலித் தகராறும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் பேசுவதே நல்லது.

மலைப் பாதை

மார்கழி மாதத்து உந்துவப் பௌர்ணமியில் பருவம் தொடங்கும். வைகாசி மாதத்து வெசாக் பௌர்ணமியில் முடியும். பருவத் தொடக்கத்தில் பெல்மதுளையிலுள்ள விகாரையிலிருந்து சமன் தெய்வத்தின் திருவுருவத்தை ஊர்வலமாகக் கொண்டு வந்து மலையுச்சியில் எழுந்தருளச் செய்வார்கள். சமன் இந்த மலைக்குக் காவல் தெய்வம். பருவகாலத்தில் கூட்டங்கூட்டமாகப் பறந்துவரும் மஞ்சள் வண்ணத்துப் பூச்சிகளும் அந்தத் தெய்வத்தின் பாதத்தை வணங்கவே போகின்றன என்பது சிங்கள மக்களின் நம்பிக்கை.

மலையின் உயரம் 2,243 மீட்டர், அதாவது 7,359 அடி. இத்தீவின் மிக உயர்ந்த மலை இதுவல்ல. பீதுருதாலகால இதைவிட உயரம். எனினும் கடலில் வந்த மாலுமிகளின் கண்ணுக்கு முதலில் பட்டது கூம்பு வடிவமான இந்தச் சிகரமே. இரத்தினபுரிப் பக்கத்திலிருந்து பலாபத்தலை வழியாகவும், குருவிற்றை, எரத்ன வழியாகவும் ஏறுவது பழைய பாதைகள். 1884ஆம் ஆண்டில் ரயில் அட்டனை எட்டிய பிறகு, நல்லதண்ணி வழி எல்லோருக்கும் எளிதாயிற்று. இந்த வழியில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் உள்ளன. நல்லதண்ணி என்ற பெயரைச் சற்று எண்ணிப் பாருங்கள். தோட்டத்துத் தமிழன் தாகத்துக்குக் குடித்துவிட்டு இட்ட பெயர் அது. சிங்கள யாத்திரீகரும் அதையே "நல்லதண்ணிய" என்று சொல்லி அங்கிருந்துதான் அடியெடுத்து வைக்கிறார்.

யாத்திரைக்கு முறைகள் உண்டு. சிங்களக் கிராமத்தார் தனித்தனியாக வரமாட்டார்கள், கூட்டமாக வருவார்கள். பலமுறை ஏறிப் பழகிய ஒருவர் வழிகாட்டியாக முன்னே போவார். முதன்முறை ஏறுபவருக்குத் தனிப் பெயரும் தனி மரியாதையும் உண்டு. அவர் வெள்ளையுடுத்தி வருவார். வழியில் குளிர்ந்த ஓடை வரும். அங்கே நீராடியோ, முகமும் கைகாலும் கழுவியோ மேலே போவார்கள். இன்னோரிடத்தில் ஊசியில் நூல் கோத்து, அந்த நூலைப் படியோரமாக நீட்டிக்கொண்டே ஏறுவார்கள். புத்த பெருமான் அங்கே அமர்ந்து தமது கிழிந்த ஆடையைத் தைத்தார் என்பது ஐதீகம். இறங்கி வருபவர் ஏறுபவரைப் பார்த்துக் "கருணாவய்" என்பார். கருணை உண்டாகட்டும் என்பது பொருள். கருணை என்ற சொல்லுக்கு நமக்கு அகராதி வேண்டுமா? உச்சியை அடைந்தவர் ஒரு மணியை அடிப்பார். எத்தனை முறை மலையேறினாரோ அத்தனை முறை அடிக்க வேண்டும். பொய்க் கணக்கு அடிக்க ஒருவருக்கும் துணிவு வராது.

சூரியோதயம் ஆகும்போது கிழக்கே பார்த்துக் கை கூப்புவார்கள். அதே வேளையில் மேற்கே திரும்பிப் பார்த்தால் மலையின் நிழல் முக்கோணமாகப் பனிமேல் விழுந்து கிடக்கும். அதைப் பார்த்தவர்கள் இந்தச் சபையில் பலர் இருக்கிறீர்கள். பார்க்காதவர்கள் இந்தப் பருவத்தில் பார்க்க வேண்டும் என்பதே என் ஆசை.

நான் முதன்முறை ஏறியது

1965ஆம் ஆண்டு. எனக்குப் பத்து வயது. என் தகப்பனார் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கவ்வாத்து வெட்டுபவர். பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருந்தார். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நம்மவர் நாடற்றவராகிப் பதினேழு ஆண்டுகள் கழிந்திருந்தன. அதற்கு முந்திய ஆண்டிலேதான் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று தலைகளை எண்ணிப் பங்கு போட்டிருந்தார்கள். யார் எந்தக் கணக்கில் சேர்வார் என்று லயத்தில் ஒருவருக்கும் தெரியாது. "மலையேறி அப்பனைக் கும்பிட்டு வருவோம், அவன் எந்தக் கரையில் விட்டாலும் சரி" என்று அப்பா சொன்னார்.

கையிலே ஒரு லாந்தர், ஒரு துணிமூட்டையில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும், ஆளுக்கொரு கம்பளி. நள்ளிரவில் நல்லதண்ணியிலிருந்து நடந்தோம். பாதி வழியில் என் கால்கள் ஓய்ந்துவிட்டன. ஒரு படியில் உட்கார்ந்து அழத் தொடங்கினேன். அப்போது எங்களுக்கு முன்னே போன கூட்டத்திலிருந்து ஒரு சிங்கள மூதாட்டி திரும்பி வந்தார். முதன்முறை ஏறுபவர் போலும், வெள்ளைச் சேலை. மடியிலிருந்து கித்துள் கருப்பட்டித் துண்டொன்றை எடுத்து என் வாயில் வைத்து, ஏதோ சொல்லித் தலையைத் தடவினார். அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்பதை அப்பா கவனித்தார். அதன்பின் அப்பா அந்த அம்மையாரின் படியைப் பார்த்து லாந்தரைப் பிடித்தார். அம்மையார் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. எங்களுக்குச் சிங்களம் அரைகுறை. "ஆச்சி" என்று நான் கூப்பிட்டேன். சிங்களத்திலும் பாட்டியை ஆச்சி என்றுதான் சொல்வார்கள் என்பது எனக்கு அன்று தெரியாது. அவர் "கருணாவய்" என்பார்; அப்பா "அரோகரா" என்பார். உச்சி வரையில் எங்கள் பேச்சு இவ்வளவுதான்.

உச்சியில் ஆச்சி ஒருமுறை மணியடித்தார். நானும் ஒருமுறை அடித்தேன். அப்பா ஏழு முறை அடித்தார். பாதத்தின் முன்னே ஆச்சி மலர் வைத்து வணங்கினார்; அப்பா சூடம் கொளுத்தித் திருநீறு பூசி வணங்கினார். ஒருவரையொருவர் பார்த்து, "நீ யாரைக் கும்பிடுகிறாய்?" என்று கேட்கவில்லை.

அந்தப் பாதம் யாருடையது?

இனி, உரிமையை நிலைநாட்ட வேண்டும் என்ற தம்பிக்கு வருகிறேன். உரிமை பேசுவதற்குச் சரித்திரம் தெரிந்திருக்க வேண்டும். சரித்திரத்தைப் பார்ப்போம்.

தமிழ்க் காப்பியங்களில் ஒன்றாகிய மணிமேகலையிலே இந்த மலை வருகிறது. அங்கே அதன் பெயர் சமனொளி. அந்தக் காப்பியம் பௌத்த காப்பியம். அதைப் பாடிய சாத்தனார் தமிழர். ஆகவே இந்த மலையைப் புத்தரின் மலையாகப் போற்றிய தமிழரும் ஒரு காலத்தில் இருந்தார்கள் என்பதை நாம் மறுக்க முடியாது. பௌத்தம் என்றால் சிங்களம் என்று நாமே எழுதிக் கொடுத்துவிட வேண்டியதில்லை. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத்திலிருந்து வந்த பாஹியான் என்னும் பிக்குவும் மலைமேலுள்ள பாதத்தைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்.

பதினோராம் நூற்றாண்டில் சோழரை வென்று பொலன்னறுவையில் ஆண்டவன் முதலாம் விஜயபாகு. யாத்திரீகர் மலையேறப் படும் துன்பத்தைக் கண்டு வழியிலே தங்குமிடங்களும் உணவும் அமைத்துக் கொடுத்தான். அதற்காகக் கிலிமலை என்ற கிராமத்தையே அர்ப்பணித்தான். அவனுடைய கல்வெட்டு நம் அட்டனுக்குக் கீழேயுள்ள அம்பகமுவையில் கிடைத்தது. அதே கல்வெட்டிலே, தாழ்ந்த குலத்தார் என்று ஒதுக்கப்பட்டவர்கள் நின்று வணங்குவதற்குக் கீழே ஒரு தனித் தளம் அமைத்த செய்தியும் இருக்கிறது. இன்று அந்த வேற்றுமை இல்லை. எல்லோரும் ஒரே படியில் ஏறி ஒரே தளத்தில் நிற்கிறோம். மலை மாறவில்லை; மனிதர் சற்றே திருந்தியிருக்கிறார்கள்.

1344ஆம் ஆண்டில் இபின் பதூதா என்னும் முஸ்லிம் யாத்திரீகர் இலங்கைக் கரையில் வந்து இறங்கினார். ஆதி பிதாவாகிய ஆதமின் பாதத்தைத் தரிசிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவரை வரவேற்றவர் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. அந்தத் தமிழ் மன்னர் பல்லக்கும் ஆட்களும் உணவுப் பொருள்களும் கொடுத்து, ஆண்டுதோறும் மலைக்குப் போய்ப் பழகிய நான்கு யோகிகளையும் மூன்று பிராமணர்களையும் துணைக்கு அனுப்பினார் என்று இபின் பதூதாவே எழுதியிருக்கிறார். பௌத்தர் போற்றும் மலைக்கு, முஸ்லிம் அன்பரை, சைவ யோகிகளின் துணையோடு, தமிழரசர் ஒருவர் அனுப்பி வைத்தார். வாலிபர்களே, இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

இதைவிட வியப்பான செய்தியும் உண்டு. 1581 முதல் 1593 வரை அரசாண்ட சீதாவக்கை இராஜசிங்கன் சிங்கள மன்னன். அவன் சைவத்தைத் தழுவி, இந்த மலையைச் சைவத் துறவிகளின் கையில் ஒப்படைத்தான் என்று சூளவம்சம் சொல்கிறது. இரத்தினபுரிப் பாதையில் "ஆண்டிய மலத் தென்ன" என்று ஓர் இடம் இருக்கிறது. ஆண்டி இறந்த மேடு என்பது பொருள். அந்தக் காலத்து ஆண்டிகளின் ஞாபகம் சிங்களப் பெயரிலே இன்றும் தங்கியிருக்கிறது. பின்பு, 1747 முதல் 1782 வரை கண்டியில் அரசாண்டவன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன். அவன் மதுரை நாயக்கர் வழியில் வந்தவன். இந்துக் குடும்பத்திலே பிறந்தவன். அவன்தான் சியாம் தேசத்திலிருந்து பிக்குகளை வரவழைத்து, 1753ஆம் ஆண்டில் பௌத்த சங்கத்துக்கு மறுவாழ்வு கொடுத்தான். இந்த மலையைச் சரணங்கரத் தேரரிடம் ஒப்படைத்து, மறுபடி பௌத்தர்களுக்கு ஆக்கியவனும் அவனே.

என்ன விந்தை பாருங்கள்! சைவருக்குக் கொடுத்தவன் சிங்களவன். பௌத்தருக்குத் திருப்பிக் கொடுத்தவன் மதுரையிலிருந்து வந்த குலத்தவன். இதிலே எந்தப் பக்கத்தில் நின்று எந்த உரிமையை நிலைநாட்டப் போகிறோம்? உச்சியின் நிர்வாகம் பௌத்த பிக்குகளிடம் இருக்கிறது, அது இருக்கட்டும். சிவனொளிபாதம் என்ற பெயர் நம் நாவில் இருக்கிறது, அதுவும் இருக்கட்டும். பெயர்ப் பலகையில் எந்தப் பெயர் எழுதுவது என்ற வழக்கு நம் காலத்திலும் எழுந்ததுண்டு. நம் பெயரை விட்டுக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பலகையிலுள்ள பெயரை மனிதர் அழிக்கலாம்; ஆண்டுதோறும் பக்தியோடு ஏறுபவனின் நாவிலுள்ள பெயரை யார் அழிக்க முடியும்? ஏறாமல் வீட்டிலிருந்துகொண்டு பலகைக்காகச் சண்டை போடுகிறவனால் அந்தப் பெயர் நிலைக்காது.

அப்பா மலையேறாத ஆண்டுகள்

"அது அவர்களுடைய யாத்திரை" என்று சொன்ன தம்பி விளையாட்டாகச் சொல்லவில்லை என்பதை நான் அறிவேன். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வேதனை இருக்கிறது. அதை நானும் பட்டவன்.

1977ஆம் ஆண்டிலும் 1981ஆம் ஆண்டிலும் கலவரம் வந்தது. 1983ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் வந்தது எல்லாவற்றிலும் கொடியது. அந்த நாட்களில் என் தாயும் தங்கைகளும் மூன்று இரவுகள் தேயிலைச் செடிகளுக்கிடையே பனியில் கிடந்தார்கள். லயத்தில் எங்கள் சாமான்கள் எரிந்தன. எரித்தவர்கள் எங்கிருந்தோ வந்தவர்கள். அவர்களுக்கு வழி காட்டியவர்களில் எங்கள் கையால் தேத்தண்ணீர் வாங்கிக் குடித்தவர்களும் இருந்தார்கள். அந்த ஆண்டு மார்கழியில் மலையிலே விளக்குகள் வரிசையாக எரிந்தபோது அப்பா வாசற்கதவைச் சாத்திக்கொண்டார். "இனி அந்தப் பக்கம் போகமாட்டேன்" என்றார். பத்தாண்டு போகவில்லை. அவருக்கு நான் சமாதானம் சொல்லவில்லை. என்னிடம் சொல்வதற்குச் சமாதானம் எதுவும் இருக்கவில்லை.

1994ஆம் ஆண்டு மாசி மாதம் ஒருநாள், "தம்பி, என்னை மலைக்குக் கூட்டிப் போ" என்றார். வயது எழுபதைத் தாண்டியிருந்தது. ஏன் மனம் மாறினீர்கள் என்று கேட்டேன். "நான் கோபித்துக்கொண்டது மனிதரோடு. பத்து வருஷமாகத் தண்டனை அனுபவித்தது நான். அப்பன் பாதத்தைப் பார்க்காமல் செத்தால் அவர்களுக்கா நஷ்டம்?" என்றார்.

போனோம். பாதி வழிக்குமேல் அவரால் முடியவில்லை. பின்னால் வந்த சிங்கள இளைஞர் கூட்டமொன்று நின்றது. நான் சற்று அஞ்சினேன். உண்மையைச் சொல்வதில் வெட்கமில்லை. அவர்களில் ஒருவன் ஒன்றும் கேட்காமல் அப்பாவின் மூட்டையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான். இன்னொருவன் அவருடைய முழங்கையைப் பிடித்தான். செங்குத்தான கடைசிப் படிகளில் நானும் அவனும் இரு பக்கமும் தாங்கி அவரை ஏற்றினோம். உச்சியில் அப்பா மணியடித்தார். பத்தாண்டு விட்டுப்போன கணக்கை அவர் மறக்கவில்லை. ஏறிய முறைக்கு மட்டும் சரியாகப் பத்தொன்பது அடித்தார். அந்த இளைஞன் எண்ணிக்கொண்டே நின்று, முடிந்ததும் குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினான்.

இதனால் 1983 இல்லாமற் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. எரிந்தது எரிந்ததுதான். அதைச் செய்தவர் செய்தவர்தாம். ஆனால் அன்று அந்தப் படியில் நடந்ததும் உண்மை. ஒரு உண்மையைச் சொல்லி இன்னொரு உண்மையை மறைக்கக்கூடாது என்பதை நான் மலையிலேதான் கற்றேன்.

சங்கம் செய்ய வேண்டியது

ஆகவே அன்பர்களே, என் யோசனை இது. நம் சங்கம் இந்தப் பருவத்தில் மலையேறட்டும். ஆனால் உல்லாசப் பயணமாக வேண்டாம். வானொலிப் பெட்டியும் மதுப் புட்டியும் தூக்கிக்கொண்டு, படியெங்கும் கூச்சலிட்டுப் போகிற கூட்டத்தை நாம் பார்த்திருக்கிறோம். அவர்கள் எந்தச் சமயத்தவரானாலும் யாத்திரீகர் அல்லர். யாத்திரை என்பது விரதத்தோடு போவது. மனத்தை அடக்கிப் போவது. களைத்தவருக்குக் கை கொடுத்துப் போவது.

இரண்டாவதாக, நல்லதண்ணியில் ஒரு தண்ணீர்ப் பந்தல் வைப்போம். சிங்கள அன்பர்கள் வெசாக் காலத்தில் தன்சல் வைத்து எல்லோருக்கும் அன்னமிடுகிறார்கள். தண்ணீர்ப் பந்தல் நமக்கும் புதிதல்ல. நம் முன்னோர் செய்த தர்மந்தான். நாம் பறிக்கும் கொழுந்து உலகமெல்லாம் போகிறது. நம் வாசலில் வருகிற யாத்திரீகருக்கு ஒரு கோப்பை சுடுதேநீர் நம் கையால், காசில்லாமல், கொடுக்க முடியாதா? போயா தினத்துக்கு முந்திய இரவுகளில் மட்டும் வைத்தாலும் போதும். செலவுக்குப் பெரியோர்களை நாடுவோம். உழைப்புக்கு வாலிபர்கள் இருக்கிறீர்கள்.

மூன்றாவது, குப்பை. இந்த மலையும் அதைச் சூழ்ந்த அடவியும் 1940ஆம் ஆண்டிலிருந்து காக்கப்பட்ட வனம். 2010ஆம் ஆண்டில் ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் ஆகியவற்றோடு சேர்ந்து உலக மரபுரிமை என்ற சிறப்பையும் பெற்றது. ஆனால் பருவம் முடிந்ததும் படியோரம் பார்த்தால் பிளாஸ்டிக் புட்டிகளும் பைகளும் மலைபோல் கிடக்கின்றன. மஸ்கெலி ஓயா எங்கே போகிறது என்று சிறுவர்களைக் கேளுங்கள். அணைகளைக் கடந்து களனி கங்கையில் கலந்து, களனி விகாரையின் ஓரமாகக் கடலுக்குப் போகிறது. புத்தர் களனியிலிருந்து இந்த மலைக்கு வந்தார் என்பது ஐதீகம். இந்த மலையின் நீர் களனிக்குப் போகிறது என்பது நாம் கண்ணால் காணும் உண்மை. இங்கே நாம் எறிகிற அழுக்கை அங்கே வணங்குபவர் காண்பார். ஒவ்வோர் அங்கத்தவரும் ஒரு சாக்குப் பையோடு ஏறி, நிறைத்துக்கொண்டு இறங்க வேண்டும். அதைவிடச் சிறந்த பாத பூசை எனக்குத் தெரியவில்லை.

நான்காவது, சிறிய காரியம். எதிரே வருபவர் "கருணாவய்" என்று சொன்னால் வாய் மூடிப் போகாதீர்கள். நீங்களும் சொல்லுங்கள். பிறகு "அரோகரா" என்றும் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே நாவினால் சொல்லலாம். என் அப்பா சொன்னார்.

நீருக்குள் இருக்கும் ஊர்

கடைசியாக ஒன்று. நான் முதன்முறை மலையேறப் போனபோது பழைய மஸ்கெலியாக் கடைத்தெரு வழியாகத்தான் நடந்தேன். 1960களின் பிற்பகுதியில் மவுஸ்ஸாக்கலை அணை கட்டினார்கள். அந்த ஊர் நீருக்குள் போயிற்று. புது மஸ்கெலியா மேட்டிலே எழுந்தது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய ஊரின் இடிபாடுகள் வெளியே தெரியும். அப்போது பாருங்கள். நம் கோவில் தெரிகிறது, பௌத்த விகாரை தெரிகிறது, பள்ளிவாசல் தெரிகிறது. மூன்றும் ஒரே சேற்றில், ஒரே நீரின் கீழ், கூப்பிடு தூரத்தில். மூன்று சமயத்தாரும் போய்த் தத்தம் இடத்தில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு வருகிறார்கள். வெள்ளம் வந்தபோது அது ஒரு கோவிலை மட்டும் விட்டு வைக்கவில்லை. மழை வந்தாலும் அது எல்லாத் தோட்டத்திலும் பெய்கிறது.

2023ஆம் ஆண்டில் நம் மக்கள் இத்தீவுக்கு வந்த இருநூறு ஆண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்மவர் கால்நடையாக நடந்தார்கள். நம் மூதாதையர் காட்டு வழியில் நடந்து மாண்ட பாதை அது. நடந்து வந்த இனம் நாம். நடை நமக்குப் புதிதல்ல. இன்று நம்மை நாடற்றவர் என்று சொல்ல ஒருவருக்கும் உரிமையில்லை. ஆனால் ஒரு நாட்டுக்கு உரியவராவது சட்டப் புத்தகத்தினால் மட்டுமல்ல. அந்நாட்டு மக்கள் நடக்கிற பாதையிலே, அவர்களுக்கு அஞ்சாமலும் அவர்களை வெறுக்காமலும், நம் திருநீற்றை அழிக்காமலும் நடக்கத் தெரிய வேண்டும்.

தம்பிமாரே, மலையின் உச்சியிலே யாருடைய பாதம் இருக்கிறது என்று ஆயிரம் ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். உங்கள் பாதம் எந்தப் படியில் இருக்கிறது என்பதை நீங்கள் கேளுங்கள். பிரேரணையை மறுபடி கொண்டு வாருங்கள். இந்த வயதிலும் நான் உங்களோடு ஏறுவேன்; ஏற முடியாவிட்டால் நல்லதண்ணியில் அடுப்பருகே இருந்து தேத்தண்ணீர் ஊற்றுவேன்.